ரெண்டு நாள்ல வர்ற கதவு

கதவைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு போகும்போது தச்சன் சொன்னது "ரெண்டு நாள்தான்க்கா" என்பது மட்டும்தான். அதோடு விட்டிருந்தால் டெய்லரம்மா கொஞ்சமாவது நம்பியிருப்பாள். படியிறங்கித் தெருவில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்து, யாரும் கேட்காமலே, "கட்டாயம்" என்றான். அவளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

தெருவில் அவனுக்குப் பெயரே கட்டாயம்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவன் வீட்டுக்காரிகூட ஒரு நிமிஷம் யோசிப்பாள். வேலையில் குறை சொல்ல முடியாது. அவன் இழைத்த பலகையில் கையை வைத்தால் எடுக்க மனசு வராது. ஆனால் வேலையைப் பிடிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தான். பார்க்க வந்த அன்றைக்கே எதையாவது கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுவான். ஜன்னல் என்றால் அதில் ஒரு கதவு, அலமாரி என்றால் ஒரு தட்டு, நாற்காலி என்றால் ஒரு கால். அதற்கப்புறம் நீங்கள் எங்கே போக முடியும்? மூன்று கால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தச்சனிடம் போனால், நாலாவது கால் எங்கே என்றுதானே அவன் கேட்பான்.

டெய்லரம்மாவின் வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு கதவு. மழைத் தண்ணீர் குடித்துக் குடித்து அடிப்பலகை உப்பி உளுத்துப்போயிருந்தது. தோளால் இடித்தால்தான் சாத்தும், காலால் உதைத்தால்தான் திறக்கும். அடிப்பலகையை மாற்றினால் போதும் என்றுதான் கூப்பிட்டாள். இப்போது நிலை மட்டும் நின்றது. அதில் ஒரு பழைய போர்வை தொங்கியது. ராத்திரியில் அவள் வீட்டுக்காரர் வாசலுக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டார். அவர் விடுகிற குறட்டைக்குப் பூட்டே தேவையில்லை என்று எதிர்வீட்டம்மா சொன்னாள்.

வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் 'விசாரணை' என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவர். அதனால் ஊருக்கு அவர் விசாரணை. பஸ் எப்போது வரும் என்ற ஒரே கேள்விக்கு வருஷக்கணக்காகப் பதில் சொல்லி வந்தார். பஸ் எப்போது வரும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆனாலும் கேட்கிறவர்களுக்கு எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். சொல்லிச் சொல்லி, நேரத்தைப் பற்றி மனுஷர்கள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் பொருள் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

"'ரெண்டு நாள்'னா ஒரு வாரம்னு வெச்சுக்கம்மா," என்று தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். "'நாளைக்கு'ன்னா இன்னும் தொடவே இல்ல. 'சாயங்காலம்'னு சொன்னா கொஞ்சம் நம்பலாம். ஆனா எந்தச் சாயங்காலம்னு கேட்டுக்கணும்."

"கட்டாயம்னா?"

"அது நேரத்தைப் பத்தின பேச்சே இல்ல. போகும்போது கையாட்டிட்டுப் போறோம் பாரு, அந்த மாதிரி."

"சரி, 'இதோ'ன்னா?"

விசாரணை பிசைவதை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார். தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி அல்லவா. "'இதோ'ன்னா அவன் வர்றான்னு அர்த்தம் இல்ல. நீ போயிடாதேன்னு அர்த்தம்."

வாரம் ஒன்று போய் இன்னொன்றும் பாதி போயிற்று. கதவில்லாத வீடு எப்படியிருக்கும் என்பது வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தெருநாய் ஒன்று உள்ளே வந்து தையல் மிஷினுக்கு அடியில் படுத்துவிட்டு, தன் வீடு போல நிதானமாகப் போனது. தபால்காரர் அடுப்படி வரை வந்து தபாலைக் கொடுத்து, அடுப்பில் என்ன என்றும் பார்த்துவிட்டுப் போனார். காற்று அடித்தால் வெட்டிப் போட்ட துணித் துண்டுகள் தெருவில் ஓடின. டெய்லரம்மா அவற்றின் பின்னால் ஓடினாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. டெய்லரம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. துணி கொடுத்தவர்கள் வந்து கேட்டால், கதவை ஒருக்களித்துத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "ஹூக் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பாள். ஹூக் என்ன, துணியில் கத்தரியே பட்டிருக்காது. கதவு இருந்தவரை அதெல்லாம் ஓடியது. இப்போது போர்வையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுகிறார்கள்.

முதலில் வந்தது டீச்சர். அவருடைய நீலத் துணி, அவர் எப்படி மடித்துக் கொடுத்தாரோ அப்படியே, கடைக் காகிதம்கூடப் பிரிக்காமல் அலமாரியின் மேல் இருந்தது.

"இதுலதான் ஹூக் பாக்கியா?" என்றார் டீச்சர்.

டெய்லரம்மா கத்தரியைத் தேடுவதுபோலக் குனிந்தாள். "அது வந்து டீச்சர், ஒண்ணொண்ணா எடுத்துட்டு வர்றேன்..."

"நான் ஹூக் தனியா தைச்சுக்கறேன். நீங்க மத்ததை மட்டும் தைச்சுக் குடுங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அன்றைக்கு மத்தியானம் மகள் போனில் கூப்பிட்டாள். ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற ஊரில் கட்டிக்கொடுத்த பெண். தலைப்பிரசவம்; ஆஸ்பத்திரி அங்கேதான் என்று அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். டாக்டரைக் கேட்டால், "இன்னைக்கும் ஆகலாம், அடுத்த வாரமும் ஆகலாம்" என்கிறாராம்.

"எப்பம்மா வர்ற?"

"இதோ வந்துடுறேன் கண்ணு."

"எந்த இதோம்மா? அப்பா ஜன்னல்ல சொல்றதா, நீ துணி குடுத்தவங்களுக்குச் சொல்றதா?"

"கதவு வரட்டும்டி. ஊரார் துணியெல்லாம் உள்ள கிடக்கு, மிஷின் கிடக்கு. அப்பாவுக்கும் லீவு இல்ல, கூட வேலை பாக்கறவரு படுத்துட்டாரு. தொறந்த வீட்டைப் போட்டுட்டு எப்படி வர்றது?"

"சரிம்மா. ஒண்ணும் அவசரமில்ல. மெதுவாவே வா."

விசாரணை இதைக் கேட்டதும் முகம் தெளிந்தார். "அவளே மெதுவா வான்னுட்டாளே."

"உங்க வியாக்கியானத்தை ஜன்னலோட வெச்சுக்குங்க," என்றாள் டெய்லரம்மா. "எம்பொண்ணு மெதுவா வான்னு சொன்னா பயந்துபோயிருக்கான்னு அர்த்தம். சின்னதுல ஜுரத்துல கிடக்கும்போது, 'நீ போய் வேலையப் பாரும்மா'ன்னு சொல்லிக்கிட்டே முந்தானையை விடாம பிடிச்சிருந்தவ அவ." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் வலியில் துடிக்கும்போது தான் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவோமோ என்கிற பயம் ஒன்றுதான் அவளுக்கு. ஒரு கதவுக்காக அப்படி ஆகுமென்றால், அந்தக் கதவை அடுப்பில் வைத்தாலும் ஆத்திரம் தீராது.

மறுநாள் காலையில் புருஷனை வாசலில் உட்காரவைத்துவிட்டு, அவர் வேலைக்குக் கிளம்புவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லி, கட்டாயத்தின் கொட்டகைக்குப் போனாள். கொட்டகை முழுக்க ஊர்க்காரர்களின் கைகால்கள். நாற்காலிக் கால்கள் ஒரு மூலையில், ஜன்னல் கதவுகள் ஒரு மூலையில். காலடியில் மரச்சுருள் நொறுங்கியது. கட்டாயம் குனிந்து இழைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இழைப்புளி நின்றுவிட்டது.

"வாங்கக்கா! இப்பத்தான் உங்க வேலையைக் கையில எடுக்கலாம்னு..."

அவன் முடிக்கவில்லை. அவளுடைய கதவு எதிரிலேயே சுவரில் சாய்ந்து நின்றது. புது அடிப்பலகை, புதுக் கீல், மெருகுகூடப் போட்டாகிவிட்டது. அதன்மேல் தூசியும் படிந்திருந்தது. முடிந்து நாளாகியிருக்க வேண்டும். யாரோ அதில் ஒரு துண்டையும் உலரப் போட்டிருந்தார்கள்.

"முடிஞ்சே போச்சேப்பா! ஏன் கொண்டு வரல?"

கட்டாயம் உள்ளே பார்த்தான். உள்ளேயிருந்து அவன் வீட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் குடுக்காதேன்னேங்க்கா."

"நீயா? ஏம்மா, நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் குத்தம். பச்சைக் கலர்ல பிளவுஸ் துணி ஒண்ணு குடுத்தேன், நெனப்பிருக்கா?"

டெய்லரம்மாவுக்கு நினைப்பு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். அலமாரியில் டீச்சரின் நீலத்துக்கு அடியில் பச்சை ஒன்று இருந்தது.

"எந்தம்பி கல்யாணத்துக்குக் குடுத்தேன். 'ரெண்டு நாள்ல தர்றேன்'னீங்க. நாலு தடவை நடந்தேன். நாலு தடவையும் ஹூக் மட்டும்தான் பாக்கின்னீங்க. கல்யாணம் முடிஞ்சு, அவன் பொண்டாட்டி கோச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய், சமாதானமாகித் திரும்பியும் வந்துட்டா. என் பிளவுஸ் வரல."

"அதுக்காக என் கதவைப் புடிச்சு வெச்சுக்கிறதா?"

"உங்களுக்குக் கதவில்லாம எப்படியிருக்கோ, பழைய பிளவுஸோட முதல் வரிசையில நின்ன எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பிளவுஸ் வந்தா கதவு வரும்."

"நான் சொன்னேங்க்கா, பாவம் குடுத்துடலாம்னு," என்றான் கட்டாயம் மெல்ல.

"நீ சும்மாயிரு. ஊருக்கெல்லாம் நீ சொல்ற 'ரெண்டு நாளு'க்கு நான் வாசல்ல நின்னு பதில் சொல்றேன். எனக்கு ஒருத்தர் சொன்னதுக்கு நான் கேக்கக்கூடாதா?"

டெய்லரம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. வழிநெடுக கட்டாயத்தைத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் தனக்கே அளவாகப் பொருந்துவதைப் பார்த்தாள்.

"எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவம்மா. கதவில்லாம கிளம்ப முடியல," என்றாள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பிளவுஸ் உன் கையில இருக்கும்."

கட்டாயத்தின் வீட்டுக்காரி முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விடவில்லை. "இன்னைக்குச் சாயங்காலமா, பொதுவா சாயங்காலமா?"

"இன்னைக்கு."

வீட்டுக்கு வந்து பச்சைத் துணியை உதறினாள். விசாரணை வாட்சைப் பார்த்துவிட்டு வேலைக்கு ஓடினார். அளவு பிளவுஸை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை வைத்தாள். அன்றைக்கு மிஷின் ஓடின ஓட்டம் எதிர்வீடு வரை கேட்டது. கை இரண்டும் முடித்து, கழுத்துக்குப் பட்டி கொடுத்து, பக்கம் சேர்த்து, சுடுசோறுகூட ஆறிப்போகும்படி குனிந்தபடியே தைத்தாள். நிஜமாகவே ஹூக் மட்டும் பாக்கியிருந்தபோது மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். லேசா வலிதான். ஒண்ணும் பதட்டப்படாதீங்க. நேரம் இருக்குன்னுதான் சொல்றாங்க," என்றார். பின்னால் மகளின் குரல், "அம்மாவா? அம்மாவா?" என்று கேட்டது.

அவ்வளவுதான். பிளவுஸையும் ஊசியையும் ஹூக் பொட்டலத்தையும் பையில் போட்டாள். மிஷின்மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். தெருவைக் கடந்து எதிர்வீட்டம்மாவிடம், "பொண்ணுக்கு வலி கண்டிருச்சு. வீட்டை ஒரு கண்ணு பாத்துக்குங்க. இதோ வந்துடுறேன்" என்றாள். எதிர்வீட்டம்மா அதை நம்பி, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். முண்டியடித்து விசாரணை ஜன்னலில் தலையை நுழைத்து, "பஸ் எப்ப?" என்றாள்.

விசாரணை தலை நிமிராமல் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இதோ வந்துடும்" என்றார்.

"இங்க பாருங்க. கேக்கறது உங்க பொண்டாட்டி. பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. நெசத்தைச் சொல்லுங்க."

டீ மேசையில் கொட்டியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். ஜன்னலில் நின்ற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். விசாரணை ஜன்னலில் நெசம் சொல்வதை அவர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"பஸ் இன்னும் டிப்போவை விட்டே கிளம்பல," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "டயரைக் கழட்டிப் போட்டிருக்கான். எதிர்ல காய்கறி வேன் நிக்குது பாரு, அந்த ஊருக்குத்தான் போகுது. ஓடு."

வேனில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்ட கூட்டம் முழுக்க அதில் ஏறிவிட்டது. டெய்லரம்மா வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தால், பக்கத்து மூட்டையில் விசாரணை.

"நீங்க எங்க? ஜன்னல்ல யாரு?"

"அட்டையை மாட்டிட்டு வந்துட்டேன்."

டீ குடிக்கப் போகும்போது மாட்டுகிற அட்டை. 'இதோ வந்துவிடுகிறேன்' என்று எழுதியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் மகள் அவளைப் பார்த்ததும் கையை நீட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். டெய்லரம்மா அவள் நெற்றியைத் துடைத்தாள். வலி கூடக் கூட முந்தானை இறுகியது. உள்ளே கூட்டிப்போகும்போதுதான் பிடி விட்டது. டெய்லரம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சும்மா இருந்தால் அழுதுவிடுவோம் என்று பையிலிருந்து பிளவுஸை எடுத்து ஹூக் வைக்க ஆரம்பித்தாள். போகிற வருகிற நர்ஸையெல்லாம் மாப்பிள்ளை கேட்டார். எல்லாரும் "இதோ ஆயிடும்" என்றே சொன்னார்கள். விசாரணை அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் அது எப்படியிருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசி ஹூக்குக்கு நூல் கோக்கும்போது உள்ளே ஒரு குரல் வீறிட்டது. பெண் குழந்தை. அத்தனை நாளில் நேரம் எதுவும் சொல்லாமல் வந்து சேர்ந்த ஆள் அதுதான்.

இரண்டு நாள் கழித்து மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். வாசலைப் பார்த்த டெய்லரம்மா அப்படியே நின்றுவிட்டாள். நிலையில் கதவு இருந்தது. மெருகு வெயிலில் மின்னியது. ஒரு விரலால் தள்ளினால் திறந்துவிடும் போலிருந்தது. தள்ளினாள். திறக்கவில்லை. பூட்டியிருந்தது.

எதிர்வீட்டம்மா நாற்காலியோடு வந்தாள். "வாங்கம்மா! இதோ வந்துடுறேன்னீங்களே, மத்தியானச் சோத்தையும் இந்த நாற்காலியிலயே தின்னேன். பொண்ணுக்கு வலின்னு தெரிஞ்சதும் கட்டாயமும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டு வந்து அன்னைக்குச் சாயங்காலமே மாட்டிட்டாங்க. பழைய பூட்டு துரு ஏறிப்போச்சுன்னு புதுசும் போட்டாங்க. சாவி அவகிட்ட."

விசாரணை கட்டாயத்துக்குப் போன் போட்டார்.

"சாவியாண்ணே? கட்டாயம்! இதோ வந்துட்டே இருக்கேன்."

"வந்துட்டே இருக்கான்னா, இன்னும் சட்டையே போடலைன்னு அர்த்தம்," என்று விசாரணை ஆரம்பித்தார். டெய்லரம்மா போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, உன் வீட்டுக்காரிகிட்டக் குடு. ஏம்மா, பிளவுஸ் கையில இருக்கு."

"கையிலன்னா? வெட்டியிருக்கா, தைச்சிருக்கா?"

"ஹூக்கே வெச்சாச்சு. ஒண்ணு மட்டும் பாக்கி. வைக்கப்போகும்போது பேத்தி பொறந்துட்டா."

டெய்லரம்மா போனை வைப்பதற்குள் கட்டாயத்தின் வீட்டுக்காரி தெருமுனையில் திரும்பியே விட்டாள். மூச்சு வாங்க வந்து, பிளவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹூக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அப்புறம் குழந்தையை எட்டிப் பார்த்தாள். "ஒரு ஹூக்குத்தானே, நான் வெச்சுக்கறேன்" என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள்.

கதவு சத்தமே இல்லாமல் திறந்தது, சத்தமே இல்லாமல் சாத்தியது. டெய்லரம்மா நாலு தடவை திறந்து சாத்திப் பார்த்தாள். மகளைக் கட்டிலில் படுக்கவைத்தாள், கஞ்சி வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் என்ன ஆயிற்றோ என்று விசாரணை பதறிக்கொண்டு ஓடினார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளும் ஜன்னலில் அட்டைதான் தொங்கியது. ஜனங்கள் அதைப் படித்துவிட்டு, வழக்கம்போல நின்றிருந்தார்கள். பதிலில் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. டீச்சரின் குரல்.

"டெய்லரம்மா, என் நீலத் துணி என்னாச்சு?"

டெய்லரம்மா தாழ்ப்பாளில் கையை வைத்தாள். அலமாரியைப் பார்த்தாள். கடைக் காகிதம் பிரிக்காமல் அங்கேயே இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். கதவு வழவழவென்று அவ்வளவு நன்றாகச் சாத்தியிருந்தது.

அதற்குள் உள்ளேயிருந்து மகள், "அம்மா!" என்று கூப்பிட்டாள். குழந்தை அழ ஆரம்பித்தது.

"இதோ!" என்றாள் டெய்லரம்மா. சொல்லி முடிப்பதற்குள் கட்டிலருகே போய்விட்டாள்.

வெளியே டீச்சர் அதைத் தனக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்தார்.

எதிர்வீட்டம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள். மனசு கேட்கவில்லை.

"டீச்சர், அங்க உக்காராதீங்க," என்று தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தாள். "இங்க வாங்க. நாற்காலி இருக்கு."